ஈ பட்டு நூற்காது

இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டித் தின்னும் புழுக்கள் மேல் எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. காட்டுச்செடிகளைப் படம் பிடிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். இலையில் வெள்ளைக் கோடாக நெளியும் சுரங்கத்தைப் பார்த்து, தோண்டியது எந்தப் பூச்சி என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பட்டியலில் 'கண்டறிந்தவர்' என்று நம் பெயர் ஏறும். குழுவில் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆரணிப் பட்டுத்தறிக்காரி நான் ஒருத்திதான். இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் மூக்குடைபட்டிருந்தேன்.

மூன்றாவது, ஆற்றங்கரையில் மஞ்சளாகப் பூத்திருந்த துத்திச் செடி. நான் ஒரு இலையைப் பறித்துப் படம் எடுத்துப் போட்டதுமே குழுவை நடத்தும் பேராசிரியர், "ஈயின் புழு. தக்காளி இலையில் வருமே, அதேதான்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் தறியில் சேலையின் உள்பக்கம்தான் நெய்பவர் கண்ணுக்குத் தெரியும். எதையும் திருப்பிப் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இலையைத் திருப்பினேன். நரம்போரம் அரை அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கூடு. இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, பட்டு! ஈயின் புழு பட்டு நூற்காது. இது அந்துப்பூச்சி வேலை. அப்படியே எழுதினேன்.

"ஆரணிக்காரங்களுக்குப் பாக்கிறதெல்லாம் பட்டுதாங்க. அது வேற புழுவோட கூடா இருக்கும்" என்று சிரிப்பு எமோஜியோடு பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி ஆற்றங்கரைக்குப் போய், சுரங்கத்துக்குள் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்த இலையைக் கிளையோடு பறித்து வந்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டித் தறியோரம் வைத்தேன்.

"இன்னாமே, தறிய நிறுத்திட்டு பாட்டிலயே பாத்துகினு கீற? பேஜாருமே உன்னோட!" என்றார் வீட்டுக்காரர்.

புழு சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. சில நாள் இலையைச் சுரண்டித் தின்றது. பிறகு அதே மாதிரி வெள்ளைக் கூடு கட்டியது. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ஒரு காலையில் பாட்டில் துணியின் அடியில் சிறகு மடித்து உட்கார்ந்திருந்தது குட்டி அந்துப்பூச்சி. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். தறியில் பாவு நூல் அறுந்துவிட்டதோ என்று பதறி ஓடிவந்தார் அவர்.

படங்களை வரிசையாகக் குழுவில் போட்டேன். அப்புறம் பேராசிரியர், "நான்தான் தப்புங்க" என்று எழுதிவிட்டுப் பட்டியலைத் திருத்தினார். ஈ போய் அந்துப்பூச்சி. கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர். இத்தனை வருடத்தில் நான் நெய்த ஒரு சேலையிலும் என் பெயர் இருந்ததில்லை. தெரு முழுக்கப் போனைக் காட்டிவிட்டு வந்துதான் தறியில் உட்கார்ந்தேன்.