ஒஸ்லோவில் ஒரு ‘ல்’ வித்தியாசம்

வியாழன், காலை.

ஒஸ்லோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். சூடுதான் இல்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று துளசி முன்பே எழுதியிருந்தாள். நான் நம்பாமல் ஒரு மெல்லிய மேல்சட்டையோடு வந்திருந்தேன். கார் நிறுத்தும் இடத்துக்குப் போவதற்குள், என்னை அழைத்துப்போக வந்திருந்த அவளுடைய கம்பளிக் கழுத்துத்துணி என் கழுத்துக்கு மாறிவிட்டது.

துளசி ஒஸ்லோவில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். படிப்புக்காக ஒரு வருடம் சிட்னிக்கு வந்தபோது, ஹாரிஸ் பார்க்கில் நானும் அவளும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்துகொண்டோம். எனக்குச் சொந்த ஊர் திருச்சி. அவள் ‘ஓம்’ என்பாள், நான் ‘ஆமா’ என்பேன். அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் ஓடிய முக்கியமான விவாதம் அதுதான்.

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: “கயல், நீ சுத்திப் பாக்க வரேல்லை. எனக்கு வீடு எடுத்துத் தர வந்திருக்கிறாய்.”

விஷயம் இது. துளசி ஒரு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். இன்னும் பெற்றோரோடு, ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில்தான் இருக்கிறாள். தனியாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒரு சம்பளத்தில் ஒஸ்லோவில் வீடு வாங்க முடியாது. அப்பா தன் வீட்டை மறுபடி அடமானம் வைத்து உதவத் தயார், அதற்கு இவள் தயாரில்லை. ட்வெய்ட்டாவில் ஒரு வீடு வாடகைக்கு வந்திருக்கிறது. நாளை மாலை பார்வையிடலாம், சனிக்கிழமை உரிமையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஒருவர் தானாக இருக்க வேண்டும் என்று துளசி தவம் கிடக்கிறாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். தொழிலே பேருந்து ஓட்டுவது என்பதால், பின்னால் இருப்பவர்களோடு பேசுவது அவருக்குப் பழக்கம்.

“எங்கட ஆக்கள் இஞ்சை வந்து கால் ஊண்டினவுடனை செய்த வேலை வீடு வாங்கினதுதான் பிள்ளை. வாடகை எண்டால் என்ன? மாசாமாசம் அடுத்தவன்ட சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறது.”

“சிட்னியில எங்க பேட்டை முழுக்க அடுத்தவன் சுவருதான் அங்கிள்,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அந்தப் பாதையில், எனக்குக் கிடைத்த முதல் நோர்வேஜியப் பாடமும் அதைப் பற்றியதுதான். சொந்தமாக வைத்திருப்பது ‘ஐயெ’. வாடகைக்கு எடுப்பது ‘லையெ’. மனதில் தமிழில் எழுதிப் பார்த்தேன். வித்தியாசம் ‘ல்’ என்ற ஒரே ஒரு மெய்யெழுத்து. அதை உயிர்மேல் ஏற்றினால் வாடகை, இறக்கினால் சொந்தம்.

“எங்க ஊர்ல கரப்பான்பூச்சியைப் பார்த்தாதான் ‘ஐயே’ம்போம்,” என்றேன். அப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்ததில் கார் ஒருமுறை லேசாக ஆடியது.

வியாழன், மதியம்.

என் வேலையைப் பற்றி ஒரு வரி. சிட்னியில் நான் வரைபடம் தயாரிப்பவள். பேட்டைகளில் வாடகைக்காரர்கள் அதிகமா, சொந்தக்காரர்கள் அதிகமா என்று பார்த்து நிறம் கொடுப்பது அதில் ஒரு பகுதி. வாடகை கூடக் கூட ஊதா அடர்த்தியாகும். ஹாரிஸ் பார்க் எப்போதும் கத்தரிக்காய் நிறத்தில்தான் இருக்கும். லோறென்ஸ்கூக்கில் துளசியின் தெருவை எட்டிப் பார்த்ததுமே, இதற்கு வெளிறிய நிறம்தான் என்று தோன்றிவிட்டது. சேர்த்துக் கட்டிய மரவீடுகள். வாசலில் பனி தள்ளும் மண்வாரியும், சிறுவர்களின் பனிச்சறுக்குக் கட்டைகளும், பாதி வீடுகளில் புதிதாகப் பூசிய பெயின்ட்டும். வாடகைக்காரர் யாரும் வேலிக்குப் பெயின்ட் அடிப்பதில்லை.

துளசியின் அம்மா வாசுகி. நான் “ஆன்ட்டி” என்றதும், “அன்ரி எண்டு சொல்லன், வாய்க்குச் சுகமா இருக்கும்,” என்றார். எனக்கு அது வரவே இல்லை. சோறும் கணவாய்க் கறியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

“ஓம் ஓம், ட்வெய்ட்டாவிலை பாக்கிறாள். ஓம்... ஐயெ, ஐயெ. குடிபூரலுக்குச் சொல்லுவம்.”

குடிபூரல் என்றால் புதுமனை புகுவிழா. ஒருவர் கேட்டதற்கே பந்திவரை போய்விட்டார். துளசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, எங்கை அந்த ‘ல்’?”

“லைன் சரியில்லை. விழுந்து போச்சுது.”

“இதோடை எத்தினை பேருக்கு விழுந்தது?”

“நீ சாப்பிடு.”

வெள்ளி.

பார்வையிடும் நேரம் மாலைதான். காலையில் துளசி வேலைக்குப் போய்விட, நான் தனியாக நகருக்குப் போனேன். குறோன்லாண்ட் பகுதியில் இறங்கி நடந்தேன். இங்கேதான் எனக்கு ஹாரிஸ் பார்க் வாடை அடித்தது. அழைப்பு மணிப் பலகையில் பெயர்மேல் பெயராக ஒட்டிய காகிதத் துண்டுகள், முற்றத்தில் அடுக்கடுக்காகச் சைக்கிள்கள், யாரோ வீடு மாறும்போது விட்டுப்போன மெத்தை. மாணவர்கள், புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பல நாட்டுக் கடைகள். வாடகைப் பேட்டைகளுக்கு மொழி எதுவானாலும் முகம் ஒன்றுதான் போலிருக்கிறது. ஒரு இலவங்கப்பட்டை பன்னும் காப்பியும் என் சிட்னிக் கணக்குக்கே அதிகமாகத் தெரிந்தன. ஆனாலும் பன்னை மட்டும் இரண்டாவது முறை வாங்கினேன்.

வாடகை விளம்பரங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் படித்ததில் நான் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். ட்வெய்ட்டா வீட்டுக்கு ‘இரண்டு அறை’ என்று போட்டிருந்தது. இரண்டு படுக்கையறை, மாதம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு குரோனர், பரவாயில்லையே என்று நினைத்தேன். இங்கே வரவேற்பறையும் ஒரு அறையாகக் கணக்கில் சேரும், படுக்கையறை ஒன்றுதான். அடுத்து மாடி: தரைத்தளமே இங்கு முதல் மாடி. மூன்றாவது, சிட்னியில் வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், இங்கு மாதக் கணக்கில். இதை மறந்துவிட்டு முதல்நாள் ஒரு விளம்பரத்தைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அங்கிள் ஓடி வந்தார்.

மாலை ஐந்து மணிக்கு டீ-பானே எனப்படும் சுரங்க ரயிலில், நகர நடுவிலிருந்து கால்மணி நேரத்தில் ட்வெய்ட்டா. கடைத்தொகுதியைத் தாண்டினால் பெரிய அடுக்குமாடிகள். அங்கே வாசலில் துளசி நின்றாள். பக்கத்தில் அன்ரி, அங்கிள்.

“இவை சும்மா கீழை நிப்பினமாம்,” என்றாள் துளசி, நம்பிக்கை இல்லாமல்.

மின்தூக்கியில் நான்கு பேரும் ஏறினோம்.

சிட்னியில் வாடகை வீடு பார்ப்பது கிட்டத்தட்ட ரேஷன் கடை. சனிக்கிழமை, தெருவரை வரிசை, காலணியோடு உள்ளே போய் காலணியோடு வெளியே வர வேண்டியதுதான். இங்கே வாசலிலேயே காலணித் தட்டு. உரிமையாளர் மாரித் என்ற பெண்மணி, நாற்பது வயதிருக்கும். வேலைக்காக இரண்டு வருடம் வடக்கே த்ரோம்ஸோவுக்குப் போகிறார். இது கூட்டுறவுக் குடியிருப்பு. சொந்தக்காரர் தானே குடியிருக்க வேண்டும், சில வருடங்களுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடலாம். அதனால்தான் இங்கே வாடகை வீடு அரிது என்று துளசி காதில் சொன்னாள். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் ஜோடியும் உயரமான ஒருவரும் வந்திருந்தார்கள். கைகட்டி, அருங்காட்சியகம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அங்கிள் சுவரைத் தட்டிக் காது வைத்தார். அன்ரி குழாயைத் திறந்தார், மூடினார், புகைபோக்கி விசிறியைப் போட்டார், அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். மூன்றாவது இழுப்பறை கையோடு வந்துவிட்டது.

“கயல், உன்ட ஃபோனிலை திசை பார். அடுப்பு எந்தப் பக்கம் பாக்குது?”

மாரித் அன்ரியிடம் வந்து நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டார். அதில் ‘லையெ’ மட்டும் எனக்குப் புரிந்தது. நீங்களா வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரம் முழுக்கத் தொலைபேசியில் சொல்லிப் பழகிய வாய். கையில் இழுப்பறையோடு அன்ரி பெருமையாக மறுத்துச் சொன்னார்:

“நை, நை! ஐயெ!”

மாரித்தின் முகம் மாறிவிட்டது. இது விற்பனைக்கு அல்ல என்றார். அங்கிள் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, விற்பதானால் என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டு வைத்தார். துளசியின் காது சிவந்தது. இங்கே எத்தனை பேர் குடியிருக்கப் போகிறீர்கள் என்று மாரித் மெதுவாகக் கேட்டார். “நான் மட்டும்தான்,” என்றாள் துளசி. காலணித் தட்டில் எங்கள் நான்கு ஜோடிகள் அதை மறுத்துக்கொண்டிருந்தன.

 கீழே வந்ததும் துளசி சொன்னாள்:

“ஒரு எழுத்து அம்மா. ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கம்.”

“எனக்கென்ன வெக்கம்? சனம் கேக்குமெல்லே, பிள்ளைக்கு ஒரு வீடு வாங்கிக் குடுக்கேல்லையோ எண்டு.”

“சனம் வந்து என்ட வாடகையைக் கட்டுதோ?”

அன்ரி திரும்பி, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றார். அதில் மறுநாள் ‘டுக்னாட்’ என்று போட்டிருந்தது. இது இந்த நாட்டு வழக்கம். வசந்தம் வந்ததும் குடியிருப்பவர்கள் எல்லாம் ஒருநாள் கூடி முற்றத்தைக் கூட்டி, பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்து, செடி நட்டு, கடைசியில் காப்பியும் சொசேஜும் சாப்பிட்டுக் கலைவார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் துளசி மாரித்துக்கு ஒரு செய்தி எழுதி, அனுப்பும் முன் எனக்குத் தமிழில் சொன்னாள். “நான் வாடகைக்குத்தான் கேட்கிறேன். தனியாக இருப்பேன். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது, அவ்வளவுதான். இழுப்பறையைத் திருத்தித் தருகிறோம்.” இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரே வரியில் பதில் வந்தது: நாளை முழுக்க டுக்னாட்டில் முற்றத்தில் இருப்பேன், மாலையில் முடிவு சொல்கிறேன்.

“அப்ப நாங்களும் போவம்,” என்றார் அன்ரி.

“ஐயோ, வராதேங்கோ அம்மா!”

ஆனால் சமையலறையில் ரோல்ஸ் என்னும் பொரித்த பலகாரத்துக்கு உருளைக்கிழங்கு அவியத் தொடங்கிவிட்டது.

சனி.

முற்றத்தில் எனக்கு ஒரு விளக்குமாறு கிடைத்தது. குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய பொடிக்கற்களை எல்லாம் இப்போது கூட்டி அள்ள வேண்டும். தூசி மேகத்துக்குள் நின்று, தொழில் பழக்கத்தில் சுற்றிப் பார்த்தேன். தள்ளுவண்டியில் கல் ஏற்றும் பாகிஸ்தானிய அப்பாக்கள், பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கும் சோமாலியப் பெண்கள், எல்லோருக்கும் கையுறை வழங்கிக்கொண்டிருந்த நோர்வேஜியத் தாத்தா, அவர் கையுறையைத் திருடி ஓடும் பலநாட்டுச் சிறுவர்கள். சிட்னியில் ஒரு பேட்டையைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும், அதன் முற்றத்தை மட்டும் ஒருநாளும் கூட்டியதில்லை.

துளசி ஒரு பெஞ்சுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். மாரித் பக்கத்தில் மண் அள்ளினார். இருவரும் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அப்போது முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்.

“வாசுகியக்கா! அப்ப வாங்கிட்டியளோ? குடிபூரல் எப்ப?”

அதே கட்டடத்தில் இருக்கும் பவானி அக்கா. அன்ரியின் தொலைபேசித் தோழிகளில் ஒருவர். அன்ரியின் விளக்குமாறு நின்றது. துளசியின் தூரிகையும் நின்றது. அன்ரி மகளைப் பார்த்தார். பிறகு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“இல்லைப் பவானி. லையெ!”

“என்ன?”

“லையெ! ‘ல்’ போட்டுத்தான் சொல்லுறன். கிடைச்சால் என்ட பிள்ளை தன்ட சம்பளத்திலை தனிய இருக்கப் போறாள்.”

அந்த மெய்யெழுத்தை அவர் விழுங்காமல் சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். துளசி தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சின் ஒரே இடத்தில் மூன்று தடவை பெயின்ட் விழுந்தது.

பவானி அக்கா கிட்டே வந்தார். “அதுக்கென்னக்கா இப்பிடிக் கத்துறியள்? நாங்களும் லையெதானே. ரெண்டு வருசமா.”

“நீங்கள் ஐயெ எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“நான் சரியாத்தான் சொன்னனான். உங்கட லைன்தான் சரியில்லைப் போல.”

அன்ரி அவரை ஒரு கணம் முறைத்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்து, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தமிழ் தெரியாத மாரித்துக்கும் ஒரு சொல் விளங்கியிருந்தது. “லையெ?” என்று அன்ரியைக் கேட்டார். “யா,” என்றார் அன்ரி, “லையெ.”

காப்பி நேரத்தில் மாரித் ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே துளசியிடம் ஏதோ சொன்னார். துளசி வாயில் இருந்ததை விழுங்க மறந்து என்னைப் பார்த்தாள்.

“வீடு எனக்குத்தானாம். நேற்று இரவு செய்தியைப் படிச்ச உடனையே முடிவு செய்திட்டாவாம்.”

“அப்ப நான் இந்த ரோல்ஸ் எல்லாம் சும்மாவோ பொரிச்சனான்?” என்றார் அன்ரி.

மாரித் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் நாள்.

ஒஸ்லோவில் பார்த்தவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டேன்: பியோர்டு என்னும் கடற்கழி, படகு, பனி உருகும் காடு. பெரும்பாலும் படங்களில் இருப்பவையே. படத்தில் வராதது ட்வெய்ட்டாவின் தூசிதான். ஹாரிஸ் பார்க்கில் என் மாடியில் குடியிருப்பவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்தால் போய்விடப் போகிறோம் என்று அவர்களும் நினைக்கிறார்கள், நானும் நினைக்கிறேன். திரும்பியதும் மாடிப்படியை ஒருநாள் கூட்டலாமா என்று எதிர்வீட்டில் கேட்கப் போகிறேன். திருச்சியிலிருந்து அம்மா, “எப்பம்மா வாங்கப் போற?” என்று வாராவாரம் கேட்பார். “பார்க்கலாம்மா” என்று மழுப்புவதுதான் என் வழக்கம். நானும் ஒரு எழுத்தை விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

விமான நிலையத்தில் அங்கிள் பெட்டியை இறக்கினார். துளசியின் பையில் புதுச் சாவி கிலுங்கியது. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“உன்னைக் கேக்க மறந்திட்டன். நீ அங்கை ஐயெயோ, லையெயோ?”

“லையெ, அன்ரி.”

அன்ரி என்று என் வாயில் வந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். அவரும் கவனித்துவிட்டார். ஆனாலும் காதில் கை வைத்துக்கொண்டார்.

“சத்தமாச் சொல்லு பிள்ளை. லைன் சரியில்லை.”

பக்கத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.