நாற்பத்தாறு ஞானப்பிள்ளைகள்

தபால்காரர் லாசாவின் தாடியில் வலப்பக்கம் போய்விட்டது, இடப்பக்கம் அப்படியே இருக்கிறது. ஸ்மில்யா கத்தரிக்கோலை மேலங்கிப் பையில் செருகிக்கொண்டு, "ஆடாம உக்காருங்க, ஓடிப் போயிட்டு ஓடி வந்துடறேன்" என்றபடி வாசலைத் தாண்டிவிட்டாள். மேய்ச்சல் புல்வெளியிலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டிருக்கிறது. லாசாவுக்கு இது புதிதல்ல. போன மாதம் பாதித் தாடியோடுதான் அவர் பாதி ஊருக்குத் தபால் கொடுத்தார்.

கோஸ்திலோவோ கிராமத்தில் முடிதிருத்தும் கடை ஒன்றே ஒன்றுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஸ்மில்யாதான். கோடை வந்தால் செம்மறியாட்டுக்கும் அவள்தான். ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. அந்த முட்டியோடு புல்லில் குப்புறப் படுத்து ஒரு வளைக்குள் வாயை வைத்து, "என்னடி தங்கம், யாரு உன்னை பயமுறுத்தினா?" என்று கேட்கிறாள். உள்ளே இருப்பது தரையணில். கையளவு உடம்பு, குட்டை வால், வளை வாசலில் நெட்டுக்குத்தலாக நின்று விசிலடிக்கிற பிராணி. பதில் வருகிறதோ இல்லையோ, பதில் வந்த திருப்தியோடு எழுந்து வருகிறாள்.

இதே ஊர் ஒரு காலத்தில் வளைக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையணிலைக் கொன்ற ஊர். கவ்ராதான் அதில் சூரன். பள்ளிக்கூட வயதிலேயே ஒரே நாளில் அறுபது வால் கொண்டுவந்து காட்டியவன். பிறகு ஊரில் ஆடுகள் குறைந்தன. புல் இடுப்பளவு வளர்ந்தது, முள் மண்டியது. குட்டைப் புல்லில் மட்டுமே வாழ்கிற அணில் போயிற்று; அணிலைத் தின்னும் அரசக் கழுகும் போயிற்று. ஏழு வருஷத்துக்கு முன்னால் நகரத்திலிருந்து நெவெனா என்கிற விலங்கியல்காரி வந்து ஊர்க்கூட்டத்தில் பேசினாள். "முள்ளை வெட்டி ஆட்டை மேய விடுங்க, அணிலை நான் கொண்டுவர்றேன். அணில் வந்தா கழுகு தானா வரும்." ஊர் சிரித்தது. ஸ்மில்யாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலை அரிவாளோடு முதல் ஆளாக வந்து நின்றவளும் அவளே.

போன கோடையில் அணில்கள் வந்து சேர்ந்தன, மொத்தம் நாற்பத்தாறு. அடையாளத்துக்காக நெவெனா முதல் அணிலின் முதுகில் ஒரு கொத்து முடியை வெட்டப் போனாள். ஸ்மில்யா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா பண்றே? முதல் முடியாச்சே!"

அந்த ஊர் வழக்கப்படி குழந்தைக்கு முதல் முடி எடுக்கிறவர் அதற்கு ஞானத்தகப்பன். எடுத்த நிமிஷத்திலிருந்து அது ரத்த உறவுக்கும் மேல். ஞானப்பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தவனுக்கு அங்கே யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். மறுநாள் காலை நாற்பத்தாறு பேர் கோயிலுக்குப் போகிற உடுப்பில் வரிசையாக நின்றார்கள். நெவெனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆளுக்கு ஒரு வெட்டு. கொஞ்சறது, முத்தம் குடுக்கறதெல்லாம் கிடையாது" என்று ஸ்மில்யா சட்டம் போட்டு, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்.

அதிலிருந்து புல்வெளி ஓரத்தை யாரும் உழுவதில்லை, நாயை அவிழ்த்துவிடுவதில்லை. அறுபது வால் கவ்ராவையும் ஸ்மில்யா அன்றைக்கு விடவில்லை, இழுத்துவந்து கத்தரிக்கோலைக் கையில் கொடுத்திருந்தாள். அவன் தன் அணிலுக்கு மிலிட்சா என்று பேர் வைத்து, தினமும் காரட்டைச் சீவி எடுத்துப்போனான். "சின்னப் பல்லு பாரு, முழுசாக் குடுத்தா கஷ்டப்படும்" என்றான்.

இந்த வசந்தத்தில் கழுகும் வந்துவிட்டது, ஜோடியாக. கவ்ராவின் வயலோரத்துப் பாப்லர் மரத்தில் கூடு கட்டியது. நெவெனா அழுதாள், சிரித்தாள், ஆடு மேய்க்கிறவனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினாள். ஸ்மில்யாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆடினாள். ஆடிய சந்தோஷத்தில் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டார்கள்: கழுகு காரட் தின்னாது.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆண் கழுகு மிலிட்சாவைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கவ்ரா சீவிய காரட்டோடு நின்று கண்ணால் பார்த்தான். மறுநாள் ஊர் மின்கம்பங்களில் கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்பு: மிலிட்சா, வயது இரண்டு, ஆறாத் துயரில் ஞானத்தகப்பன் கவ்ரா. மரத்தையே அறுத்துத் தள்ளப்போவதாக மதுக்கடையில் சத்தியம் செய்தான்.

"கூடு இருக்கிற மரம். சட்டப்படி குற்றம்" என்றாள் நெவெனா.

"சட்டம் டவுன்லேருந்து வந்து சேர மூணு நாளாகும். என் ரம்பத்துக்கு அரை மணி போதும்."

ஸ்மில்யா போய் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கூட்டில் பஞ்சுப்பொதி மாதிரி இரண்டு குஞ்சுகள். மரம் விழுந்தால் அவை செத்தன. பெரிய கழுகுகள் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஏழு வருஷம் முள் வெட்டியது எதற்காக? அவனை ஞானத்தகப்பனாக்கியது யார்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள், குடைகிறதே என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

கவ்ராவின் பாட்டன் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். கொலைப் பகை தீர அந்த மலையில் ஒரு வழி உண்டு. கொன்றவன் வீட்டார் ஆயுதத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முட்டிபோட்டு வந்து, 'எங்கள் பிள்ளைக்கு நீயே ஞானத்தகப்பனாக இரு' என்று செத்தவன் வீட்டாரைக் கேட்பார்கள். கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை கவ்ரா ரம்பத்தோடு மரத்தடிக்குப் போனான். ஊரே வேலியோரம் கூடியது. வயலின் அந்தக் கோடியிலிருந்து ஸ்மில்யா முட்டிபோட்டு வந்துகொண்டிருந்தாள். கழுகின் நகத்துக்கு எங்கே போவது? உதிர்ந்த இறகு ஒன்றை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். சேற்றில் பாவாடை இழுபட்டது. பின்னாலேயே ஏழெட்டு வாத்துகள் ஊர்வலமாக வந்தன.

"எந்திரி ஸ்மில்யா, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். கடவுள் பேராலயும் புனித யோவான் பேராலயும் கேக்கறேன் கவ்ராண்ணே. மேல ரெண்டு குஞ்சு இருக்கு. அதுங்களுக்கு நீ ஞானத்தகப்பனா இரு."

"அதுங்க அப்பன் என் புள்ளையத் தின்னவன்!"

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்? புள்ளையப் பறிகுடுக்காதவன் வீட்டுல எதுக்கு சமாதானம் கேக்கணும்? சீக்கிரம் சொல்லுண்ணே, முட்டி கழண்டுடும் போல இருக்கு."

கவ்ரா மரத்தைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். பாட்டனிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது அவனுக்கும் தெரியும், வேலியோரம் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு குஞ்சுக்குத்தான்" என்றான்.

"ரெண்டுக்கும்."

"சரி, ரெண்டுக்கும்! பெரியவனுக்கு ராடோவான்னு பேரு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எவனும் மாத்தக் கூடாது."

ரம்பத்தைப் புல்லில் போட்டுவிட்டு, அவளைக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி மூன்று முறை முத்தமிட்டான். வேலியோரம் கைதட்டல் எழுந்தது. குஞ்சுகள் மிரளும் என்று நெவெனா உதட்டில் விரலை வைத்து அதட்டிக்கொண்டே தானும் தட்டினாள். கவ்ராவுக்கு முகமெல்லாம் பல். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தன் புதுப் பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டை நோக்கித் தலையை அண்ணாந்தான். அதே நேரம் புல்வெளிப் பக்கமிருந்து ஆண் கழுகு இரையோடு வந்தது. அதன் காலில் குட்டையான வால் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்மில்யா ஒரே எட்டில் கவ்ராவின் பின்னால் போய், சேறு படிந்த இரண்டு கைகளாலும் அவன் கண்களைப் பொத்தினாள்.