பிடுங்காத குச்சி

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "வாயில்லாப் பூச்சி. நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவாரு." என் கணவரையா! கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார், உண்மைதான். ஆனால் வாயைத் திறக்காமலே மறுக்கத் தெரிந்தவர். வீட்டுக்குப் பின்னால் நான்கு கட்டில் போடுகிற அளவு மண் தரை. கல்யாணமான புதிதில், அதில் என்ன வைப்பது என்று சண்டை போட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர்தான் வழி சொன்னார். ஆசைப்பட்ட இடத்தில் ஒரு குச்சி நட வேண்டும். பிடிக்காவிட்டால் மற்றவர் பிடுங்கிவிடலாம். ஒரு வாரம் நின்றால் சம்மதம்.

தக்காளி நின்றது, எலுமிச்சை நின்றது. அவருடைய பரங்கிக் குச்சியை நான் விட்டுவைத்ததே இல்லை. கொடி சமையலறை வரை வந்துவிடும். என் ரோஜாக் குச்சியை இருபத்திரண்டு வருஷமாக அவர் பிடுங்கினார். பிடுங்கி, கழுவி, பாத்திரக் கூடையில் கரண்டிகளோடு நிறுத்தி வைப்பார்.

"ஏங்க, ஒரே ஒரு செடிதானே?"

"கை கிழிஞ்சு ரத்தம் வர்றதுக்குத்தான் வேலை இருக்கே. வீட்டுலயும் முள்ளு எதுக்கு?"

உறவில் எல்லோருக்கும் இந்த வழக்கு தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வருஷமும் ரோஜாவுக்குக் குச்சி நட்டேன். மறுநாள் காலை, அவர் பின்பக்கம் போவதற்குள்ளேயே, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் வீடு திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குச்சி இருந்த இடத்தில் ரோஜாச் செடி வைத்துத் தண்ணீரும் ஊற்றிவிட்டார்.

"என்ன மாமா இது?"

"குச்சி ஒரு மாசமா நிக்குதேம்மா. தம்பி சரின்னுட்டான்னுதானே அர்த்தம்?"

"மூக்குல குழாயோட கிடந்தவர் எழுந்து வந்து பிடுங்கலைன்னா, சரின்னு அர்த்தமா?"

"அட, உனக்கு ஆசைதானே? இனிமே யாரு தடுக்கப் போறா?"

நல்ல மனிதர், நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவர் இத்தனை வருஷம் விடாமல் சொன்ன 'வேண்டாம்' ஒரே மாதத்தில் 'சரி' ஆகிவிடுமா?

களைக்கொத்தியை எடுத்தேன். வேர் அறாமல், மண்ணோடு பெயர்த்து, வாளியில் வைத்து, மாமாவின் காரில் முன் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் வைத்தேன்.

"கோவமாம்மா?"

"ஆமா மாமா. உங்க வீட்டுல வைங்க. பூத்தா சொல்லுங்க, வந்து பாக்கறேன்."