சாமி மலையேறிய பிறகு ஆடியவர்

தாராவியில் பை தைக்கிற சந்துகளில் போய், கட்டிங் மாஸ்டர் சுடலைக்கண்ணன் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைநீட்டிக் காட்டும். அறுபத்து நாலு வயது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். பன்னிரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்தவர், இன்றைக்குப் பதினோரு மெஷின் ஓடுகிற பட்டறைக்கு முதலாளி. பாண்டுப்பில் சொந்த ஃபிளாட். மகன் இன்ஜினியர். "எனக்கு யாரு கத்துக் குடுத்தா? ஒரு பய கிடையாது. எல்லாம் இந்தக் கையி தானாக் கத்துக்கிட்டது" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. எதிரே நிற்கிறவன் மறுத்துப் பேசிய நாளும் கிடையாது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு பெருமை. ஊர்க்காரர்கள் சேர்ந்து சந்துக்குள் கட்டிய சுடலைமாடன் கோவிலுக்கு முப்பது வருஷமாக அவர்தான் சாமியாடி. சித்திரைக் கொடைத் திருவிழாவில் வெற்றுடம்பில் கச்சை கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் பிடித்துவிட்டால், அப்புறம் அவர் வாயில் வருவது சாமியின் வாக்கு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வினை அங்கேதான் பிறந்தது.

போன வருஷம் மதியக்கொடை. பொங்கல் வைக்கிற பெண்கள் புதுப்பானையோடு வரிசையாக நின்றார்கள். சாமியாடி பானைக்குத் திருநீறு பூசிவிட்டால்தான் அடுப்பில் ஏற்றலாம். பத்துப் பன்னிரண்டு பானை முடிந்தபின் இசக்கிசெல்வியின் முறை. சுடலைக்கண்ணனின் பட்டறையிலேயே ஒன்பது வருஷம் நூல் வெட்டி, மெஷின் பழகி, பிறகு எதிர்ச்சந்தில் நாலு மெஷின் போட்டுத் தனியாகப் பட்டறை வைத்தவள். அவள் பானையை வாங்கினார். விளிம்பைத் தடவினார். புறங்கையால் ஒரு தள்ளு. பானை நாலு துண்டாகத் தரையில் கிடந்தது.

"இந்தக் கையி அழுக்கு. என் வாசலுக்கு ஆகாது."

அதற்குப் பிறகு அந்தச் சனம் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. என்ன அழுக்கு, யார் பார்த்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அவளிடம் தைத்த நாலு பேரும் ஊர்க்காரர்கள். ஒரே வாரத்தில் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். கல்யாண வீட்டில் அவள் நறுக்கிய காயை அடுக்களையில் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வராது. அதே குழாயில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான் வருகிறது, அதையும் யாரும் யோசிக்கவில்லை. அவள் இரண்டு பீகார்ப் பையன்களை வைத்து வருஷத்தை ஓட்டினாள். இந்தச் சித்திரைக் கொடைக்கு ஒரு மாசம் இருக்கும்போது, பட்டறையை மூடிவிட்டு தூரத்து டோம்பிவிலியில் ரூம் பார்க்கிறாள் என்று பேச்சு வந்தது.

"சாமி வாக்கு. நான் என்ன செய்ய முடியும்?" என்றார் சுடலைக்கண்ணன். சொல்லிவிட்டு இன்னொரு வடைக்குச் சட்னி கேட்டார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மருமகள் பானுமதி காபியோடு ஒரு நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். செம்பூரில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறவள்.

"என்னம்மா, லீவு நாள்லயும் ஆபீஸ் வேலையா?"

"ஆபீஸ் இல்ல மாமா. இது எனக்கே எனக்கு." கொஞ்சம் கூச்சப்பட்டாள். "போன்ல ஒரு கோர்ஸ். யாரப் பாத்தா நமக்கு ஆகவே ஆகலியோ, அவங்ககிட்ட எது ஆகலன்னு எழுதணும். அப்புறம் அதே குணம் நம்மகிட்ட எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். நம்ம நிழலு மாதிரி. பின்னாலயே வரும், நாம திரும்பிப் பாக்கமாட்டோம்."

"நல்ல கூத்தா இருக்கே. ஒருத்தன் களவாங்குதான்னு கோவப்பட்டா நானும் களவாணியா?"

"அப்படி இல்ல மாமா. மத்தவங்களுக்கு வராத கோவம் நமக்கு மட்டும் பொத்துக்கிட்டு வருதுல்ல, அதுக்குத்தான் இது."

"யாரு வாத்தியாரு?"

"வாத்தியாரெல்லாம் கிடையாது. தானாத்தான் பண்ணிக்கணும்."

அந்த ஒரு சொல் அவரைக் குத்திவிட்டது. தானாகச் செய்கிற காரியமா? பம்பாயில் தானாக ஒன்றைச் செய்து முடிக்க அவரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? காலேஜ் படித்த பெண் மாசக்கணக்கில் நோட்டு நிரப்புகிறாள். சுடலைக்கண்ணனுக்கு ஒரு மத்தியானம் போதும். தேடினாலும் தன்னிடம் ஒன்றும் அகப்படாது என்பதையும் காட்டிவிட வேண்டும். லோக்கல் பிடித்து சயானில் இறங்கி, பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்தார். நோட்டு அவருக்கு ஒத்துவராது. தோல் வெட்டுகிற மேஜையில், அடையாளம் போடுகிற சாக்கட்டியால் எழுதினார்.

யார் பேர் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'செல்வி' என்று கை தானாக எழுதிற்று. அதற்குக் கீழே, நன்றி கெட்டவள். அதற்குக் கீழே, வேலை பழகின இடத்துக்கு எதிரிலேயே கடை போட்டவள். அதற்குக் கீழே, கத்துக்கொடுத்தவன் பேரை வாயால் சொல்லாதவள்.

எழுத எழுத உடம்பு சூடேறியது. வழக்கமாகத் தனக்கு வருகிற, மூன்று மாச வேலையுள்ள ஸ்கூல் பை ஆர்டரை முலுண்ட் வியாபாரி போன வருஷம் அவளிடம் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. அது கொடைக்கு எத்தனை நாள் முன்னால்? ஒரு வாரம். அதை எழுதவில்லை.

சரி, இதெல்லாம் என்னிடமா இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு, கை சும்மா இருக்கமாட்டாமல் ஒரு துண்டுத் தோலை எடுத்து வெட்டினார். கத்தியைத் தன் பக்கமாக இழுத்து வெட்டினார். தாராவியில் எல்லாரும் வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டுவார்கள். இழுத்து வெட்டுகிறவர் இவர் ஒருவர்தான். அதையும் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

கத்தி பாதியில் நின்றது.

இழுத்து வெட்டியவர் ஜெயினுலாப்தீன் முதலாளி. பன்னிரண்டு வயதுப் பையனின் பின்னால் நின்று, மணிக்கட்டைப் பிடித்து, ஆறு மாசம் இழுக்கப் பழக்கியவர். இருபத்திரண்டு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம், அவரிடம் தைத்த இரண்டு காரிகர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி எதிர்ச்சந்தில் கடை போட்டது யார்? முதலாளி ஒரே ஒரு தடவை வந்தார். ஒரு பையை எடுத்து விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, "தையல் நல்லாருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இறந்த அன்று இவருக்கு அவசர ஆர்டர். போகவில்லை.

மேஜையில் எழுதிய மூன்று வரியும் அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. புறங்கையால் அழித்தார். அழித்த கையைப் பார்த்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் இன்னொன்று உறைத்தது. கொடை அறிவிப்போடு கமிட்டிச் செயலாளர் மாரீஸ்வரன் போன வருஷ வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சாமியாடி தன் ஆட்டத்தைத் தானே பார்க்கக்கூடாது என்பது வழக்கம். முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. பார்த்தார். முதல் பானைகளில் ஆடுகிற ஆளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. கண் எங்கோ இருந்தது. செல்வி வந்தாள். கண் கீழே இறங்கி அவளைப் பார்த்தது. வலது பெருவிரல் பானை விளிம்பில் ஒரு சுற்று ஓடியது, தையல் விட்டுப்போன இடத்தைத் தேடுகிற மாதிரி. இடது புறங்கை ஒரு தட்டுத் தட்டியது. பின்னால் எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்காமல் அடுத்த பானைக்கு நகர்ந்தது. தினமும் பட்டறையில் கழிவுப் பையை எறிகிற அதே தட்டு.

அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை சனம் நின்று பார்த்ததே, ஒருத்தனுக்கும் கண் இல்லையா? அதை நினைத்த மறு நொடியே, கண் யாருக்கு இல்லை என்பதும் தெரிந்துபோயிற்று.

எழுந்து எதிர்ச்சந்துக்குப் போனார். செல்வி ஒரு மெஷினின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"செல்வி. போன கொடையில சாமி வந்தது நெசம். பத்துப் பானை வரைக்கும் நான் எங்க இருந்தேன்னே எனக்குத் தெரியாது. ஆனா உன் பானை வாரதுக்கு முந்தியே சாமி என்ன விட்டு மலையேறிட்டு. அதுக்கப்புறம் ஆடுனது நான்."

அவள் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி."

"எப்படி?"

"ஒம்பது வருசம் அந்தப் பெருவிரலு என் பையத் தடவியிருக்கு. அந்தப் புறங்கையி எத்தன பையத் தூக்கி எறிஞ்சிருக்கு. சாமிக்கு எதுக்கு அண்ணாச்சி விளிம்பு பாக்கணும்?"

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"யாருகிட்ட? சாமிகிட்டயா, உங்ககிட்டயா?"

கழற்றிப் போட்டிருந்த திருகாணிகளைப் பொறுக்கி அவள் பக்கம் வைத்தார். கடைசியில், "கமிட்டில சொல்லிருதேன்" என்றார்.

"கமிட்டிலயா? பானைய உடைச்சது அத்தன பொம்பளைய முன்னாலயில்லா. அங்கன வந்து சொல்லுங்க. கச்சை கட்டிக்கிட்டு வேண்டாம். சட்டையோட சொல்லுங்க."

கமிட்டி அடுத்த ஞாயிறு கூடியது. தர்மகர்த்தா வானமாமலை, மாரீஸ்வரன், இன்னும் நாலு பேர். சுடலைக்கண்ணன் விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"என்னவே இது," என்றார் வானமாமலை. "முப்பது வருசமா உம்ம வாக்க நம்பி எத்தன கல்யாணம் நடந்திருக்கு, எத்தன சண்டை தீந்திருக்கு. இப்பம் வந்து இதச் சொன்னா அத்தனையும் என்னத்துக்கு ஆகும்?"

"அதுக்கு லேசா ஒரு வழி இருக்கு அண்ணாச்சி," என்றான் மாரீஸ்வரன். "இந்த வருசம் ஆடும்போது செல்வியக் கூப்பிட்டு, கோவம் தீந்துட்டுன்னு சாமி வாக்கா சொல்லிருங்க. அவளுக்கும் மரியாதி, உங்களுக்கும் மரியாதி. கதம், கதை முடிஞ்சுது."

"நடிக்கச் சொல்லுதியோ?"

"போன வருசம் நடிக்கலியாக்கும்," என்றார் வானமாமலை.

"போன வருசம் நடிக்கேம்னு எனக்கே தெரியாது. இப்பம் தெரியும்லா."

"ரெண்டு நிமிசம்வே. ரெண்டே நிமிசம்."

ஒரு பெண்ணின் வருஷம் போயிருக்கிறது. பிழைப்பு போயிருக்கிறது. அவள் என்ன பாடுபட்டாள் என்று அந்த ஆறு பேரில் ஒருத்தனும் கேட்கவில்லை. கோவிலின் பேர், சாமியாடியின் பேர், இதுதான் பேச்சு. இந்த மனுஷர்களின் மரியாதைக்காகவா முப்பது வருஷம் ஆடினோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் பாண்டுப்புக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்தபோது, மாரீஸ்வரன் சொன்ன வழி எவ்வளவு சுகமானது என்றும் தோன்றத்தான் செய்தது. கச்சை கையை விட்டுப் போகாது. செல்வியும் பொங்கல் வைப்பாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. குர்லா தாண்டும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனார். அப்புறம்தான், யாருக்கும் தெரியாது என்றால், தனக்கும் செல்விக்கும் தெரியாதா என்று தன்னையே கேட்டார்.

கொடையன்று மத்தியானம் கச்சையையும், சாமியாடி போடுகிற சல்லடத்தையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சுடலைக்கண்ணன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேன்ட், கையில் வாட்சோடு வந்தார். பொங்கல் அடுப்புகள் சந்து நெடுக இருந்தன. செல்வி கடைசியில், மூன்று செங்கல் வைத்துப் பானையோடு தனியாக நின்றாள். வந்துவிட்டாள். அதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

"மேளத்த நிறுத்துங்கப்பா," என்றார். நின்றது.

"தாயிமாரே, போன வருசம் செல்வி பானைய உடைச்சது சாமி இல்ல. நான். அவ கையில ஒரு அழுக்கும் கிடையாது. என் ஆர்டரு அவளுக்குப் போயிட்டு, அந்தப் பொறாமை. இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. எனக்கு ஒருத்தரும் கத்துக் குடுக்கலன்னு சொல்லிக்கிட்டு அலைஞ்சேன்லா, பொய்யி. கத்துக் குடுத்தது ஜெயினுலாப்தீன் முதலாளி."

"சாமி சோதிக்குது," என்று எவனோ முணுமுணுத்தான்.

"சோதிக்கல. சட்டையப் பாரு."

இப்படி நடுச்சந்தில் நின்று சொல்ல இந்தத் தாராவியில் எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? ஆனால் சனம் அதற்காகக் கை தட்டவில்லை. பாதிப் பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்துக்கு நகர்ந்தார்கள். சாமியையே பொய்யாக்கிவிட்டான் என்று ஒருத்தி காறித் துப்பினாள். சொர்ணம்மாள் என்கிற கிழவி மட்டும் தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்து செல்வியின் அடுப்பில் சொருகினாள்.

மேளம் மறுபடி எடுத்தது. சுடலைக்கண்ணனின் கெண்டைக்கால் நடுங்கியது. சாமியா, பழக்கமா, இல்லை உள்ளே இருக்கிற அந்த மற்றவனா? முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாமல் ஆடக்கூடாது. விளக்குக் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுக்கம் ஓய்ந்ததும் குவியலிலிருந்து ஒரு கட்டு விறகைத் தூக்கிக்கொண்டுபோய் செல்வியின் அடுப்பருகில் போட்டார்.

"டோம்பிவிலிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. பொங்கட்டும், பாப்போம்." அவள் ஒரு விறகை எடுத்துப் பார்த்துக் கீழே போட்டாள். "பச்ச விறகுல்லா கொண்டாந்திருக்கிய. புகையும். காஞ்சதா பாத்து எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி."

நன்றி கெட்டவள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த சொல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். அது யாருடையது என்றும் தெரியும். விழுங்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, காய்ந்த விறகு தேடப் போனார்.