கெட்டவன் கப்பலுக்கான இசை

அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் ஏதாவது விண்வெளிப் படம் தமிழ் பேசிக்கொண்டு ஓடும். நான் கண்ணால் பார்ப்பேன், சித்தி காதால் பார்ப்பாள்.

"கண்ண மூடிக்கடி, இப்ப யாரு வரப்போறான்னு சொல்லுதேன்" என்பாள். தப்பவே தப்பாது. கெட்டவனின் கப்பல் தெரிவதற்கு முன்பே எக்காளம் ஒன்று அடிக்குரலில் உறுமிவிடும். நாயகனுக்கு வேறொரு மெட்டு. சண்டையில் அது வயலின் கூட்டத்தோடு பாய்ந்து வரும். அவன் தன் கிரகத்தை நினைத்து அழும்போது ஒற்றைப் புல்லாங்குழலில் வரும். "ரெண்டும் ஒண்ணுதாண்டி, சட்டைய மாத்திட்டு வருது" என்று சித்தி சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அப்புறம் வீட்டிலிருப்பவர்களுக்கும் இசை போட ஆரம்பித்தோம். அப்பாவின் ஸ்கூட்டர் வந்து நின்றால் கிழட்டு ரோபோவின் நடை. அம்மா விளக்குமாறோடு வந்தால் விண்கல் மழை. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர் சித்தியைப் பெண் கேட்டார். பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பூ வைக்க அவருடைய அம்மா சொந்தக்காரப் பெண்களோடு வந்தார். கனத்த உடம்பு, அதற்கேற்ற நடை. உள்ளறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சித்தி என் காதருகே கெட்டவன் கப்பலின் இசையை முனகினாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த அம்மா உள்ளே வந்து என் கன்னத்தைத் தொட்டு, "எதுக்குத் தாயி இம்புட்டுச் சிரிப்பு? எங்களுக்கும் சொல்லேன்" என்றார்.

"நீங்க வந்தீகல்ல, அதுக்குச் சித்தி கெட்டவன் கப்பலு மியூசிக்கு போட்டுச்சு!" என்றேன். அவருக்குப் புரிய வேண்டுமே என்று அதே மாதிரி நடந்தும் காட்டினேன்.

வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கொண்டு வந்த பூவும் அவர்களோடு போனது. மூன்றாம் நாள், ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். சித்தி குறுக்கே வந்தாள். "பச்சப் புள்ளய எதுக்குக்கா அடிக்க? பாடுனது நாந்தான?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று சந்தோஷம்தான். சித்தி நம் வீட்டிலேயே இருப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கும் என்று நினைத்தேன். சித்தி இருந்தாள். ஆனால் படம் ஓடும்போது துணி மடித்தாள். கண்ணை மூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளை வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் அவள் எதையும் முனகி நான் கேட்டதில்லை.

எனக்கும் கல்யாணமாகி, என் மாமியாருக்கு நானே ஒரு பட்டப்பெயர் வைத்து, தனியாகச் சிரித்த நாளில் கையிலிருந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. பிடிக்காதவர்களை யாரும் அப்படிச் செல்லமாகக் கேலி செய்வதில்லை; சித்தி இசை போட்டதெல்லாம் தன் வீட்டு ஆட்களுக்குத்தான். அன்று பூத்தட்டு படியேறுவதற்கு முன்பே சித்தி மனதால் அந்த மிஷின்காரர் வீட்டுப் பெண்ணாகிவிட்டிருந்தாள். ஒன்பது வயதில் அது எனக்குத் தெரியவில்லை.