அவிழ்த்துக் கட்டாத வேலை

சின்னராசு போய்விட்டார் என்ற செய்தி, கோயம்புத்தூரில் பட்டறைக்குக் கட்டர் வாங்கப் போயிருந்த எனக்குக் கடைக்காரரின் தொலைபேசியில் வந்தது. உலோகம் வெட்டும் மில்லிங் மெஷினில் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனவர், சோற்றில் கை வைக்கவில்லை. மாரடைப்பு. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குள் என்ன அவசரம் இந்த மனிதருக்கு?

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பிடிவாதமும் தெரியும். எமர்ஜென்சி முடிந்த வருஷம், எலப்புள்ளியில் தன் குடும்பத்து மாட்டுக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, என்னோடு கூட்டாகப் பட்டறை போட்டார். அவருடைய அண்ணன் ஒரே நிபந்தனை வைத்தார்: "ஒரு மெசின் வாங்கிக்க. அது சோறு போடலீன்னா மறுபடியும் மாடு கட்டிருவேன்." ஆக, எந்த மெஷின் என்பதில்தான் பட்டறையின் உயிரே இருந்தது.

எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, பெரிய மேஜை, நல்ல கனம். நீளம், அகலம், உயரம் என்று மூன்று போக்கில் வெட்டும். மற்றது வெளிநாட்டுப் பழசு, சின்னது. ஆனால் அதன் மேஜை சாயவும் செய்யும், சுழலவும் செய்யும். மொத்தம் ஐந்து போக்கு. ஊரே புதிதைத்தான் வாங்கச் சொன்னது. ஆபீஸ் உத்தியோகத்தை விட்டு வந்த கல்பாத்தி அக்ரகாரத்துக்காரன் நானும் அதையேதான் சொன்னேன்.

சின்னராசு யாரோடும் வாதாடவில்லை. மலைமேல் மாட்டுப்பட்டி ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பம்பிலிருந்து கழற்றிய இம்பெல்லரை, முறுக்கிய இதழ்களால் தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரத்தை, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். புது மெஷின் வியாபாரியின் மேஜைமேல் அதை வைத்தார்.

"ஏனுங்க, இந்த மாதிரி ஒண்ணு வெட்டோணும். ஒருக்கா கட்டி, அவுக்காம முடிச்சுக் காட்டுங்க."

ஒவ்வொரு இதழுக்கும் சக்கரத்தை மேஜையிலிருந்து அவிழ்த்து, திருப்பி, மறுபடி போல்ட் முடுக்கிக் கட்டினால் முடியும் என்றார் வியாபாரி. "அவுத்துக் கட்டினா அது வேற வேலைங்க" என்றார் இவர். ஒவ்வொரு முறையும் மயிரிழை நகர்ந்துவிடும் அல்லவா? வியாபாரி சிரித்தார். "எலப்புள்ளியில கலப்பைக் கொழு அடிக்க அஞ்சு போக்கு எதுக்குங்க?"

"கொழுவை நீங்க அடிங்க. நாங்க இதை வெட்டிக்கறோம்" என்று சக்கரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார் சின்னராசு.

பழசையே வாங்கினோம். குறையே இல்லாத தேர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனைக்கரையிலிருந்து வந்த பெரிய பம்பு வேலை ஒன்று, மேஜை கொள்ளாமல் திரும்பிப் போயிற்று. "நான் சொன்னேனா இல்லியா ஓய்?" என்று குத்திக் காட்டினேன். "பெருசு வெட்ட ஆளா இல்லீங்க சாமி? முறுக்கு வெட்ட யாரு இருக்கறா?" என்றார். திமிர்தான். அந்தத் திமிரில்தான் பட்டறை ஓடியது.

முறுக்கிய இதழ் வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேஜையைச் சாய்க்கும் கைப்பிடியையும் மற்றவர் சுழற்றும் கைப்பிடியையும் சேர்ந்தாற்போல் சுற்ற வேண்டும். நான் வெளியூர் போகும் நாட்களில் தன் மனைவி பொன்னாத்தாளை நிறுத்திக்கொண்டார். உறவினர்கள் முணுமுணுத்தபோது, "கைப்பிடிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க" என்று வாயை அடைத்தார்.

தகனம் முடிந்த மறுநாள் அண்ணன் பட்டறைக்கு வந்தார். மெஷினில் மாட்டுப்பட்டித் தொழிற்சாலைக்கான புதுச் சக்கரம் பாதி இதழோடு நின்றிருந்தது. "அவுத்து வெச்சுட்டு மூடிருங்க சாமி. காரியம் முடியட்டும், அப்புறம் மாடு கட்டிக்கலாம்" என்றார்.

முடியாது என்று நான் வாய் திறப்பதற்குள் பொன்னாத்தாள் உள்ளே வந்தார்.

"அவரு கட்டினதை அவுக்காதீங்க சாமி. ஒரு பக்கம் நான் சுத்தறேன்."

"ஊரு என்ன பேசும்?" என்றார் அண்ணன்.

"பேசட்டுங்க மாமா."

அண்ணன் வாசலிலேயே நின்றார். நிற்கட்டும் என்று நாங்கள் மோட்டாரைப் போட்டோம். கடைசி இதழ்வரை வெட்டினோம்.

சின்னராசுவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தை. அந்த மெஷினை விற்க மாட்டேன்; அந்தக் கொட்டகையில் மாடு கட்ட விடமாட்டேன். ஆனால் அன்று வெட்டி முடித்த சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தபோது, அவர் கையால் முடுக்கிய போல்ட்டைத் திருக எனக்குக் கை வரவில்லை. பொன்னாத்தாள்தான் என்னிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.