நான் நட்ட வேலியும் நேர்ந்துவிட்ட கிடாயும்

வேலிக்குப் பணம் செலவழிக்கிறவன் கூறுகெட்டவன் என்பது அப்போது என்னுடைய கட்சி. உச்சிப்புளியில் வீடு கட்டி முடித்ததும், கண்மாய்க்கரையில் மண்டிக்கிடந்த நெய்வேலிக் காட்டாமணக்கில் நாலு கட்டு வெட்டிவந்து வீட்டைச் சுற்றி நானே ஊன்றினேன். உரம் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, ஒரே மழையில் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. நீண்ட வெற்றிலை மாதிரி இலை, வெளிர் ஊதாவில் புனல் போன்ற பூ. "ஆடு மாடு வாய் வைக்காது, அதான் இதுல விசேஷமே" என்று என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வெளியே நின்று என் மனைவி குலசாமிக்கு வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்து வந்தால் மூன்று வயதில் மொட்டை போட்டு, காது குத்தி, கருப்புக் கிடாய் வெட்டுகிறேன் என்று. பிள்ளை வந்தது. கருப்புக் குட்டியும் வாங்கி நேர்ந்துவிட்டோம். நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது எங்கள் தெருவில் புது மாப்பிள்ளை கணக்காக வீடு வீடாகப் போய்த் தின்றது. மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் என் மனைவி முதலில் கிடாயைத்தான் போய்ப் பார்ப்பாள். கிடாய்க்கு ஒன்று என்றால் பிள்ளைக்கும் ஆகிவிடும் என்று அவளுக்குள் ஒரு பயம். நான் கேலி செய்வேன், அவள் முறைப்பாள்.

போன கோடையில் ஊரில் பச்சை என்பதே இல்லை. ஒருநாள் காலையில் குழாயடியில் கிடாய் நின்று தலையை ஆட்டி ஆட்டி உடம்பைச் சிலுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் வெட்டுவதற்கு முன் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தி இறங்காது. இதுவோ தண்ணீர் ஊற்றாமலே சிலுப்புகிறது!

"ஆத்தாடி, சாமி இப்பவே கேக்குதே!" என்று பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவி கிடாய்க்குக் குங்குமம் வைத்தாள். சும்மா இருப்பேனா நான்? வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். சாயல்குடியிலிருந்து மச்சான், என் மனைவியின் அண்ணன், "குடுத்து வச்ச ஆளு மாப்ள நீ" என்று பதில் போட்டார். பத்து நாள் இந்தக் கூத்து நடந்தது.

பதினோராம் நாள் கிடாய் என் கடை வாசலில் பின்கால் பின்னி விழுந்தது. என் மனைவி அழவில்லை. மகளைத் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை, ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கிடாயின் தலையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டைச் சுத்தி என்ன வேலி?"

அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அண்ணே, அது ஆட்டுக்கு விஷம். ஒடிச்சுப் பாருங்க, பால் வடியும். வேற பச்சை இருக்கிற வரைக்கும் ஆடு தொடாது. பஞ்சத்துல ஒருதடவை ருசி பாத்துட்டா, பெறகு குடிகாரன் கணக்கா அதையேதான் தேடிப் போகும்."

"அப்ப தலை ஆடுறது சாமி இல்லையா டாக்டரம்மா?" என்றாள் என் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. "விஷம் நரம்புல ஏறியிருக்கும்மா. இதுக்குன்னு தனி மருந்து இல்ல. அந்தச் செடியைக் கண்ணுல காட்டாதீங்க. சீக்கிரமே வந்துட்டீங்க, தேறிரும்னு நம்புவோம்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், சந்துப் பக்கத்து வேலி கிடாய் எட்டுகிற உயரம் வரைக்கும் மொட்டையாக இருந்தது. தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் கடைக்குப் போகிறேன். கண்ணை எங்கே வைத்திருந்தேனோ!

அன்றே அரிவாளை எடுத்துத் தரையோடு வெட்டினேன். ஒரு வாரத்தில் அடிக்கட்டையெல்லாம் துளிர்த்தது. வெட்டிப் போட்ட துண்டுகள் சாக்கடை ஓரத்தில் வேர்விட்டு நின்றன. பிறகுதான் புத்தி வந்தது. சாயங்காலம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, விடிந்ததும் கடப்பாரை போட்டு வேரோடு நெம்பினேன். கையில் பால் படாமல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டேன். துண்டு விடாமல் பொறுக்கி மொட்டைமாடியில் காயப்போட்டேன். "நான் வடகம் போடுற எடம் அது" என்று அதற்கும் மனைவியிடம் பாட்டு வாங்கினேன்.

அதோடு எனக்குச் செடிப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டைச் சுற்றி முளைத்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். முள்ளுக்காய் ஊமத்தை போனது, எருக்கு போனது. கொல்லையில் ஊமத்தைக் கன்றுகள் வரிசையாக நிற்பதைக் கண்டு பதறி ஒரு படம் அனுப்பினேன். "அண்ணே, இது கத்தரிக்கன்னு" என்று பதில் வந்தது. அதற்குள் இரண்டைப் பிடுங்கியிருந்தேன். இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

கண்மாய்க்கரையில் இன்னும் அந்தச் செடி மண்டிக்கிடந்ததால், கிடாயைக் கட்டாமல் வேறு வழியில்லை. என் மனைவி சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். விலைக்கு வாங்கிய அகத்திக் கீரையைக் கையால் ஊட்டினாள். அந்தச் செடியைக் கேட்டு அது கத்திய கத்தல் கேட்கச் சகிக்காது. பிறகு கத்தல் அடங்கியது, ஆட்டமும் மெல்ல நின்றது. ஒருநாள் அவிழ்த்துக்கொண்டு கடைக்குள் ஏறி, யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு நகலைத் தின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு நகலாக எடுத்துக் கொடுத்தேன்.

நேர்த்திக்கடன் நாள் வந்தது. சாயல்குடிப் பக்கத்துக் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டு, காது குத்தியாயிற்று. அண்டாவில் தண்ணீர் கொதித்தது. பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடாய் கல்லு மாதிரி நின்றது. இரண்டாம் தடவை ஊற்றினார். கழுத்து மாலையை எட்டிக் கடித்தது. மூன்றாம் தடவையும் ஊற்றினார். காதுகூட அசையவில்லை.

மச்சான் என் காதில் குசுகுசுத்தார்: "மாப்ள, அந்தச் செடியில ரெண்டு இலை கெடைக்குமா?"

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "மூணு தடவை ஊத்தியாச்சு. இனி ஊத்துனா அது நம்ம ஆசைக்கு, சாமிக்கு இல்ல."

நான் என் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். சாமி ஏற்கவில்லை என்று உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் நேராகக் கிடாயிடம் போய் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். எல்லோருக்கும் சாம்பார் சோறுதான். மச்சான் வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார்கள்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் கிடாய் இறங்கி, சந்தில் பழைய வேலி இருந்த இடத்தை மோந்தது. இப்போது அங்கே இருப்பது கூலி கொடுத்துக் கட்டிய பனைமட்டை வேலி. ஒரு மட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு வீட்டுக்குள் போனது.

"ஏங்க," என்றாள் என் மனைவி, தூங்குகிற மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு. "இனி இவனுக்கு மேலுக்கு முடியலைன்னா மாட்டாஸ்பத்திரி, பிள்ளைக்கு முடியலைன்னா பிள்ளை ஆஸ்பத்திரி. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட மாட்டேன்."